மாவடு ஏன் சுருங்குகிறது?

"வடுவில் உப்புப் போட்டு மூன்றே நாள்தான் ஆகிறது. எல்லாம் தோல் சுருங்கி, பச்சை மங்கிப் பழுப்படித்துக் கிடக்கிறது. கெட்டுவிட்டதா, கொட்டிவிடட்டுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கொட்டிவிடாதீர்கள் அம்மா. நீங்கள் சொன்ன அந்த இரண்டு அடையாளங்களும்தான் வடு ஊறத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சாட்சி.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாசி, பங்குனியில் சந்தைக்கு வடு வந்ததும் அடிபடாததாகப் பொறுக்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, கல் உப்பும் மஞ்சள் தூளும் போட்டு ஜாடியில் வைத்து வேடு கட்டுகிறோம். கிலோவுக்கு நூறிலிருந்து நூற்றைம்பது கிராம் உப்பு. சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனாலும் மறுநாள் குலுக்கினால் அடியில் தண்ணீர் சலசலக்கிறது. அத்தனையும் வடுவுக்குள் இருந்த தண்ணீர்தான்.

சவ்வூடு பரவலைப் பள்ளியில் படித்திருப்போம்: உப்பு அதிகம் உள்ள பக்கம் நோக்கி, சவ்வு வழியே நீர் நகரும். அந்த இழுப்பு எவ்வளவு பலமானது என்பதைத்தான் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் உப்புக் கரைந்தால் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல சுமார் 80 மடங்கு. லாரி டயருக்குள் இருப்பது 8 மடங்குக்குப் பக்கம்தான். அப்படி ஒரு இழுப்புக்கு முன்னால் பிஞ்சு மாங்காயின் செல்கள் என்ன செய்யும்? நீரை விட்டுக்கொடுத்துத் தொய்ந்துபோகின்றன. உள்ளே சதை ஒடுங்குகிறது, தோல் ஒடுங்காது. அதனால் மடிந்து சுருக்கம் விழுகிறது.

சரி, நீர் வெளியே வந்தது. உப்பு உள்ளே போனதா? மூன்றாம் நாள் வடு ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மேலே கரிக்கும், நடுவில் வெறும் பச்சை மாங்காயாகவே இருக்கும். உயிருள்ள செல் சவ்வு நீரைத் தாராளமாக விடும், உப்பை லேசில் உள்ளே விடாது. அந்தச் சவ்வு செத்தால்தான் கதவு திறக்கும்.

அது எப்போது சாகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் அலுக்காத இடம் இதுதான். நாலைந்து நாள் ஊறிய வடுவைக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். தோலையொட்டி ஒரு வளையம் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். அதற்கு உள்ளே இன்னும் வெளிர்பச்சை, நடுவில் முற்றாத இளம் பருப்பு. மாங்காயின் புளிப்பு முழுவதும் செல்லுக்குள் நுண்குமிழ் என்ற ஒரு பையில் பூட்டிக் கிடக்கிறது. பச்சையம் இருப்பது வேறு அறையில், பசுங்கணிகத்தில். செல் உயிரோடு இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. நீர் இழந்து சவ்வுகள் கிழிந்ததும் புளிப்பு வழிந்து பச்சையத்தைத் தொடுகிறது. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கும். அமிலம் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறது. மக்னீசியம் போனால் பசுமையும் போயிற்று. ஆக, அந்தப் பழுப்பு வளையம் செத்த செல்களின் எல்லைக்கோடு. நாளுக்கு நாள் அது உள்நோக்கி நகரும். அதன் பின்னாலேயே உப்பும் காரமும் நுழையும். நடுப்பகுதிவரை ஒரே நிறமாக மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். வடு பெரிதாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

அப்புறம், ஊறிவந்த உப்புநீரிலேயே கடுகும் மிளகாய் வற்றலும் அரைத்துச் சேர்க்கிறோமே, அது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. கடுகு நசுங்கி ஈரம் பட்டால்தான் அதன் நொதி வேலை செய்து மூக்கில் ஏறும் நெடியை உண்டாக்குகிறது. அந்த நெடிக்குப் பல நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிப்பதில்லை. உப்பும் புளிப்பும் ஏற்கெனவே பெரும்பாலானவற்றை அடக்கியிருக்கும். மிஞ்சுவது உப்பைத் தாங்கும் சில வகைகளும், காற்றுப் படும் மேற்பரப்பில் வெள்ளை ஆடை கட்டும் ஈஸ்ட்டுகளும்தான். தினமும் இரண்டு வேளை குலுக்கச் சொல்வது அதற்காகத்தான். மேலே மிதக்கும் வடுவும் உப்புநீரில் நனைய வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாதவிலக்கான பெண் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்று இன்றும் ஜாடி இருக்கும் அறைக்குள்கூட விடாத வீடுகள் உண்டு. என் சித்தி அப்படி வாசற்படியிலேயே நின்றதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இது பொய், அதுவும் ஒரு மனுஷியைச் சிறுமைப்படுத்தும் பொய். ஜாடிக்கு ஆகாதது ஈரம். ஈரக் கரண்டியோ ஈரக் கையோ படும் இடத்தில் உப்பு நீர்த்துப்போகிறது, பூஞ்சணத்துக்கு இடம் கிடைக்கிறது. அந்தக் கை யாருடையது என்பது உப்புக்குத் தெரியாது.

தென்கொரியாவில் கிம்ச்சி என்ற அவர்களுடைய காய்கறி ஊறுகாய்க்கென்றே 2010-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி நிறுவனம் குவாங்ஜு நகரில் இயங்குகிறது. நமக்கு மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நல்ல விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். எந்த ஊர் ஜாடியில் எந்த நுண்ணுயிர் வாழ்கிறது, எவ்வளவு உப்பைக் குறைத்தால் ஆபத்தில்லை என்று வட்டாரம் வட்டாரமாகத் தொடர்ந்து ஆராயப் பணம் ஒதுக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ள எத்தனையோ பேர் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

உங்கள் ஜாடிக்கு வருகிறேன். நீர் போதாமல் மேல் வடு வெளியே தெரிந்தால், பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 150 கிராம் கல் உப்பு என்ற கணக்கில் கரைத்து, மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். பத்து நாள் கழித்து ஒன்றை வெட்டி, வளையம் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள்.