ஒரு குழந்தை குதிரையேற நாலு பேர் வேண்டும்

"குதிரையில ஏத்தினா என் பையன் நடந்துடுவானா?" நம் ஊர்ப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். மிச்சிகனில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன், பக்கத்தில் உள்ள ஒரு குதிரையேற்ற சிகிச்சை மையத்துக்கும் வாராவாரம் போகிறேன். அதனால் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பொங்கல் விழாவிலும் வாட்ஸ்அப்பிலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். நேரான பதில் இதுதான்: குதிரை யாரையும் நடக்க வைத்துவிடாது. செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை) போகாது, ஆட்டிசம் போகாது. ஆனால் தன் உடம்பைத் தானே தாங்கி உட்காரச் சிரமப்பட்ட குழந்தை நிமிர்ந்து உட்காருவதையும், பக்கத்தில் யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளை ஒரு தன்னார்வலரின் கையை எதிர்பார்த்துக் காத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். இதில் குதிரையின் பங்கு பாதிதான். மீதிப் பாதி, அந்தக் குதிரையைச் சுற்றி நடக்கிற மனிதர்களுடையது. அவர்கள் போதவில்லை என்பதுதான் இன்று இந்த மையங்களின் பெரிய குறை, இந்தக் கட்டுரையை எழுதக் காரணமும் அதுதான்.

முதலில் குதிரை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும் போகிறது, இடமும் வலமும் சாய்கிறது, கூடவே லேசாகத் திருகுகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைக்கும் என்றால், 20 நிமிடம் மேலே உட்காரும் பிள்ளையின் இடுப்புக்கு 2,000 முறை இந்த அசைவு போய்ச் சேருகிறது, ஒவ்வொரு முறையும் வயிறும் முதுகும் தன்னைச் சரிசெய்துகொண்டே ஆக வேண்டும். கிளினிக்கில் பெரிய பந்தின் மேல் உட்கார வைத்து என்னால் இவ்வளவு செய்ய வைக்கவே முடியாது, பிள்ளை நாலாவது நிமிடத்தில் அம்மாவைத் தேட ஆரம்பித்துவிடும்.

கால்கள் கத்தரிக்கோல் போல இறுகிப் பின்னிக்கொள்கிற ஒரு சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள் (யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). உடை மாற்றுவதற்குக்கூட அம்மா அந்தத் தொடைகளை மெல்ல மெல்லப் பிரிக்க வேண்டும். அவளுக்கு முதுகு குறுகலான குதிரையைத்தான் தேர்ந்தெடுப்போம், ஃபியோர்டு என்ற நார்வே இனம் மாதிரி அகலமான குதிரையில் உட்கார வைத்தால் தொடைத் தசை வலியில் இன்னும் இறுகிவிடும். சேணம் கிடையாது, மெத்தென்ற விரிப்பும் கைப்பிடி வைத்த பட்டையும்தான், ஏனென்றால் குதிரையின் சூடும் உடம்பில் படவேண்டும். முதல் சுற்றில் அவள் முழங்கால்கள் மேலே தூக்கிக்கொண்டு இருக்கும். மூன்றாவது நான்காவது சுற்றில் தொடையின் உள்பக்கம் என் கையை வைத்தால் தசை விடுவது தெரியும், கால் தானாகக் கீழே தொங்க ஆரம்பிக்கும். 2003-இல் அமெரிக்காவில் செரிப்ரல் பால்சி உள்ள 15 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில் சிலரை 8 நிமிடம் குதிரையிலும் மற்றவர்களை அதே நேரம் அசையாத பீப்பாய் மேலும் உட்கார வைத்தார்கள். குதிரையில் இருந்தவர்களிடம்தான் தசைகள் இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்வது கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், அதைவைத்து வானளாவப் பேசக் கூடாது. ஆனால் கால் விரித்து உட்கார்ந்தால் மட்டும் போதாது, குதிரையின் அசைவும் வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

இதே மையத்தில் இரண்டு விதமான வேலை நடக்கிறது, பெற்றோர் பெரும்பாலும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நான் மேலே சொன்னது ஹிப்போதெரபி. பிசியோதெரபிஸ்டோ, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ, பேச்சுப் பயிற்சியாளரோ குதிரையின் அசைவைத் தன் சிகிச்சைக்கு ஒரு கருவியாகப் பயன்படுத்துவது, குழந்தை குதிரை ஓட்டக் கற்றுக்கொள்ளாது. இன்னொன்று தெரபியூட்டிக் ரைடிங். அங்கே சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் நிஜமாகவே குதிரையேற்றம் சொல்லித் தருவார், கடிவாளம் பிடிப்பது, நிறுத்துவது, திருப்புவது எல்லாம். முதலாவதற்கு இன்ஷூரன்ஸ் சில சமயம் கிடைக்கும், இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடைக்காது. எதில் சேர்க்கிறீர்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதில் சேர்ந்தாலும் வழக்கமான தெரபியை நிறுத்திவிடாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஒரு வகுப்பு எப்படி நடக்கும்? வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுதான். சக்கர நாற்காலியோடு சாய்தளத்தில் ஏறி வருவார்கள், அந்த உயரத்தில் குதிரை வந்து நிற்கும். ஹெல்மெட் மாட்டி, குதிரையின் வயிற்றுப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பயிற்சியாளர் பார்த்த பிறகே பிள்ளை ஏறும். அப்புறம் இடது பக்கக் கம்பத்திலிருந்து வளையத்தை எடுத்து வலது பக்கக் கம்பத்தில் போடச் சொல்வார்கள். அந்த ஒரு வேலைக்கு உடம்பு நடுக்கோட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும், ஒரு கையால் பிடியை விட வேண்டும், கண் கையைத் தொடர வேண்டும். கூம்புகளுக்கு நடுவே வளைந்து போவது முன்கூட்டித் திட்டமிடுவதற்கு. சுவரில் ஒட்டிய எழுத்துகளைத் தேடிப் போய்த் தபால் பெட்டியில் போடுவது சொன்னதை நினைவில் வைப்பதற்கு. நில், நட, நில் என்று மாற்றி மாற்றிச் செய்வது வயிற்றுத் தசைக்கு. சில பிள்ளைகளைக் குதிரையின் வாலைப் பார்த்து உட்கார வைப்போம், அப்போது கையூன்றும் பலம் வரும். இறங்கியதும் ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாக உடம்பு தேய்த்துவிட்டு, வாளியில் கேரட் போட்டுக் கொடுக்க வேண்டும். எதைத் தொட்டாலும் கையை இழுத்துக்கொள்ளும் பிள்ளைகள்கூட இந்தத் தேய்க்கும் வேலைக்கு வரிசையில் நிற்பார்கள்.

குதிரை நகர வேண்டுமானால் பிள்ளைதான் "வாக் ஆன்" சொல்ல வேண்டும். பேச்சு வராத பிள்ளை கழுத்தில் தட்டலாம், டேப்லெட்டில் பட்டனை அழுத்தலாம், உடம்பை முன்னால் அசைத்தாலும் சரி, ஏதோ ஒரு விதத்தில் சொல்லியாக வேண்டும். அதுவரை எல்லாரும் நிற்போம். அரை நிமிடம்கூட ஆகும், அந்த அரை நிமிடம் வேலியோரம் நிற்கும் அப்பாவுக்குத் தாங்காது, அவரே குரல் கொடுத்துவிடுவார். கொடுக்காதீர்கள். வீட்டில் அவன் வாய் திறக்கும் முன்பே நாம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், இங்கே கேட்டால்தான் நகரும் என்பது அவனுக்குப் புரியட்டும். ஆட்டிசம் பற்றி 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 10 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் குதிரையேற்றம், இன்னொன்றுக்கு லாயத்திலேயே குதிரையைத் தொடாத பாடங்கள். ஏறியவர்களிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்து, பேசும் சொற்கள் கூடியிருந்தன.

இப்போது ஆட்கள் கணக்குக்கு வருகிறேன். குதிரையின் தலைப் பக்கம் கயிற்றைப் பிடித்து நடத்த ஒருவர், இவர் லீடர். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர், இவர்கள் சைடு வாக்கர்கள். நடுவில் நின்று வகுப்பு எடுக்கும் பயிற்சியாளர் ஒருவர். சைடு வாக்கர் தன் முன்கையைப் பிள்ளையின் தொடை மேல் குறுக்காக வைத்து, விரல்களால் சேணத்தின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடப்பார். கை வலிக்கும், மணலில் கால் புதையும். வலிக்கிறது என்று கையை எடுத்துவிட முடியாது. பக்கம் மாற வேண்டுமென்றால் குதிரையை நிறுத்தி, ஒருவர் பிடித்திருக்க இன்னொருவர் மாற வேண்டும். குதிரை மிரண்டால் லீடர் குதிரையைப் பார்த்துக்கொள்வார், சைடு வாக்கர்கள் பிள்ளையை மட்டும்தான் பார்க்க வேண்டும். இதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு, பேசாமல் இருப்பது. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் அன்பாக "வளையத்தை எடு கண்ணா" என்று சொன்னால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? பயிற்சியாளர் குரல் ஒன்றுதான் கேட்க வேண்டும். நல்ல சைடு வாக்கர் என்று நான் நினைப்பவர்கள் எல்லாருமே பேச்சு குறைந்தவர்கள்.

லீடர், இரண்டு சைடு வாக்கர்கள் என்ற இந்த மூன்று தன்னார்வலர்களில் ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. குதிரை நிற்கும், பயிற்சியாளர் நிற்பார், பிள்ளை ஹெல்மெட்டோடு வந்துவிட்டிருக்கும். காத்திருப்போர் பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பவர்கள் குதிரை போதவில்லை என்று நினைக்கிறார்கள். எங்கள் மையத்தில் வார நாள் சாயங்காலங்களில் குதிரை இருக்கிறது, கூட நடக்க ஆள் இல்லை.

இது ஆரம்பத்திலிருந்தே சுற்றியுள்ளவர்கள் தோள் கொடுத்து வளர்ந்த துறை. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1944-இல் போலியோவால் பாதிக்கப்பட்டு முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார், அப்போதும் குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் பல நாடுகளில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கான தேசிய அமைப்புகள் 1969-இல் உருவாயின, அமெரிக்க அமைப்புக்கு இப்போது பாத் இன்டர்நேஷனல் என்று பெயர்.

கட்டணம் செலவுக்குக் கட்டுப்படியாகாது. 500 கிலோ குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ காய்ந்த புல் தின்னும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். தடுப்பூசி, பல் ராவுவது, குடற்புழு மருந்து எல்லாம் தனி. ஜனவரியில் குளிர் தாங்காமல் வகுப்பை ரத்து செய்தாலும் குதிரைக்குச் சாப்பாட்டை ரத்து செய்ய முடியாது. இந்தப் பள்ளத்தை ஊர்தான் நிரப்புகிறது. புல்லை விலை குறைத்துக் கொடுக்கும் விவசாயி, பழைய சேணங்களை விற்றுத் தரும் பெண்கள், சாரணர் இயக்கத்தின் ஈகிள் ஸ்கவுட் பட்டத்துக்கான திட்டமாக மரச் சாய்தளம் கட்டிக் கொடுத்த பையன், வாராவாரம் சாணி அள்ள வரும் ஓய்வுபெற்ற கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி என்று பல பேர்.

அந்தக் கூட்டத்தில் நம்மவர்கள் குறைவு. மனசில்லை என்று நான் சொல்லமாட்டேன், கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் நாம் உழைப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதையே வெளியில் சொல்லாமல் வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். விழாவுக்கு அண்ணனை அழைத்து வருகிறோம், தம்பியை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு வருகிறோம். அப்படி ஒரு தம்பி குதிரையில் உட்கார்ந்து வளையம் போடுவதை ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருவர் பார்த்தார். முதல் நாள் முழுக்க "ஏம்மா, கீழ விழுந்துட்டா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஊருக்குத் திரும்பும் முன் வீடியோ எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டது அவர்தான், தெருவில் எல்லாருக்கும் காட்ட வேண்டுமாம்.

யார் ஏறக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தளர்வு இருக்கும். அதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்று மருத்துவர் ஆண்டுதோறும் எழுதித் தர வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு, இடுப்பு மூட்டு நழுவியிருப்பது, எளிதில் ஒடியும் எலும்பு, அண்மையில் நடந்த முதுகெலும்பு அறுவை இவையெல்லாம் இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். உடல் எடைக்கும் எல்லை உண்டு. சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரைதான் பொதுவாக ஏற்றுவார்கள், வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இது மனக்கஷ்டம் தருகிறது. ஏற முடியாவிட்டாலும் தரையில் நின்று குதிரையை நடத்துவது, பராமரிப்பது, குதிரை வண்டி ஓட்டுவது என்று சில மையங்களில் வேறு வகுப்புகள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு: மெரினாவில் ஒரு சுற்று ஏற்றிவிடுவது சிகிச்சை ஆகாது, உட்காரும் சமநிலை இல்லாத பிள்ளைக்கு அது ஆபத்தும்கூட. எந்தக் குதிரைப் பள்ளி "நாங்களும் தெரபி தருகிறோம்" என்று சொன்னாலும், மருத்துவர் படிவம் கேட்கிறார்களா, தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் உண்டா, பிள்ளையின் இரண்டு பக்கமும் யார் நடப்பார்கள், அவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளையைக் கயிற்றால் குதிரையோடு கட்டுகிறார்கள் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், குதிரை விழுந்தால் பிள்ளை அதன் கீழே மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: பெரும்பாலான மையங்களில் 14 வயதிலிருந்தே சைடு வாக்கராகச் சேரலாம், முன் அனுபவம் தேவையில்லை, சில மணி நேரப் பயிற்சியை அவர்களே தருவார்கள். கல்லூரி விண்ணப்பத்துக்குத் தொண்டு மணி நேரம் தேடும் பிள்ளைகள் இங்கே வரட்டும், ஆனால் ஒரு பருவம் முழுக்க ஒரே கிழமை, ஒரே நேரத்துக்கு வரட்டும், ஏனென்றால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் நடப்பவர் வாராவாரம் மாறினால் முதலிலிருந்து பழக வேண்டும். ஐடி கம்பெனிகள் பலவற்றில் நீங்கள் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகக் கம்பெனியும் கொடுக்கும், சிலவற்றில் நீங்கள் உழைத்த மணி நேரத்துக்கும் பணம் கொடுப்பார்கள். அந்தப் படிவத்தை நிரப்பப் பத்து நிமிடம் போதும், பலர் நிரப்புவதே இல்லை. குதிரை என்றாலே பயம் என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது: ஹெல்மெட் துடைப்பது, வளையம் எடுத்து வைப்பது, கணக்கு எழுதுவது, வகுப்பு நடக்கும் நேரத்தில் கூட வந்த தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது. கடைசியில் சொன்ன வேலைக்கு எங்கள் மையத்தில் இப்போது ஒருவருமே இல்லை.