நீள முடி வேண்டுமென்றால் நுனியில் கை வையுங்கள்

முடி வெட்டும் கடை வைத்திருக்கும் ஒருத்தி, "வீட்டிலேயே வெட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதுவது வருமானத்துக்கு நல்லதில்லை. தெரிந்தேதான் எழுதுகிறேன். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் முடியை இடுப்புவரை வளர்க்க ஆசைப்படும் பெண்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்குக் கத்தரிக்கோல் என்றாலே பயம். ஒரு சென்டிமீட்டர் எடுக்கச் சொன்னால் நாலு அங்குலம் போய்விடுமாம். இந்தப் பயத்துக்கு எங்கள் தொழிலில் இருக்கும் சிலரும் காரணம், அதை மறைப்பதற்கில்லை. பயந்துபோய் இரண்டு மூன்று வருடம் கடைப்பக்கமே வராமல் இருந்துவிட்டு, கடைசியில் வந்து உட்காரும்போது நுனி பழைய துடைப்பம்போல் இருக்கும். அப்போது உண்மையிலேயே நாலு அங்குலம் எடுத்தால்தான் உருப்படும்.

"எனக்கு முதுகு பாதி வரைக்கும்தான்கா வளரும், அதுக்குமேல வளராது" என்பார்கள். பெரும்பாலும் அது தவறான கணக்கு. தலைமுடி மாதத்துக்குச் சுமாராக 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். வளர்வது வேரில். நுனியில் இருப்பது கெரட்டின் என்ற உயிரில்லாத புரதம். அதனால் நுனியை வெட்டினால் முடி வேகமாக வளரும் என்று பாட்டிமார் சொல்வதும், பௌர்ணமி பார்த்து வெட்டுவதும் வேருக்கு எந்த வித்தியாசத்தையும் தராது. ஆனால் வேரில் மாதம் 1 சென்டிமீட்டர் வர, நுனியில் அதே அளவு உடைந்து உதிர்ந்தால் நீளம் அங்கேயே நிற்கும். வளராத முடி என்று நினைப்பது, நிற்காமல் உடைகிற முடி.

வயதையும் யோசித்துப் பாருங்கள். இடுப்பைத் தொடும் முடியின் நுனி ஏறக்குறைய 5 வருடப் பழசு. இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 சேர்ந்தபோது முளைத்தது, படிவம் 5 முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும்போது நுனியாகத் தொங்குகிறது. இடையில் எத்தனை வெயில், எத்தனை சீப்பு, எத்தனை தீபாவளிக்கு எத்தனை கொண்டை! முடியின் வெளிப்புறத்தில் மெல்லிய செதில்கள் 6 முதல் 10 அடுக்குவரை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். உரசலில் அவை தேயும். தேய்ந்து முடிந்த இடத்தில் உள்ளே இருக்கும் நார்ப்பகுதி வெளியே தெரியும், பிறகு பிளக்கும். பிளந்தது மறுபடி ஒட்டாது. கடையில் விற்கும் சீரம் சிலிக்கோனை வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கும், அடுத்த குளியல்வரை. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கல்யாண வீட்டுக்குப் போகும் அன்று நானே போட்டுவிடுகிறேன். வைத்தியம் என்று நினைத்துக் காசு செலவழிக்காதீர்கள், அவ்வளவுதான்.

வெடிப்பில் பல வகை உண்டு. நுனி இரண்டாகப் பிரிந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். பக்கவாட்டில் கிளை கிளையாக வருவதும் உண்டு. இவற்றைவிட நான் கவலைப்படுவது, முடியின் நடுவில் தெரியும் சின்ன வெள்ளைப் புள்ளி. அந்த இடத்தில் செதில் போய், உள்நார்கள் விரிந்திருக்கின்றன. லேசாக இழுத்தால் அங்கேயே ஒடியும். பல அம்மாமார் இதைப் பேன் முட்டை என்று நினைத்துப் பிள்ளையின் தலையைப் பேன்சீப்பால் வாரு வாரு என்று வாரிவிடுகிறார்கள். இருக்கிற சேதம் இரட்டிப்பாகும். பேன் முட்டை முடியின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும், தலைத்தோலுக்குப் பக்கத்தில். வெள்ளைப் புள்ளி முடியோடு முடியாக, அநேகமாக நுனியை ஒட்டிய பாதியில் இருக்கும். அந்த இடத்தில் முடி மடங்கியும் இருக்கும்.

சரி, வீட்டில் எப்படி வெட்டுவது? முதல் கேள்வி கத்தரிக்கோல். இதில்தான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கோழி வெட்டுவது, துணி வெட்டுவது, பிள்ளையின் பள்ளிப் பையில் கிடப்பது, எதுவும் ஆகாது. மொண்ணைக் கத்தரி முடியை வெட்டுவதில்லை, நசுக்கி மடக்கிக் கடிக்கிறது. அப்படி அறுந்த நுனி ஓரம் பிசிறாக இருக்கும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். அதற்கு வெட்டாமலே இருந்திருக்கலாம். ஈப்போவில் சலூன் பொருள் விற்கும் கடைகளில் முடி வெட்டும் கத்தரி கிடைக்கும். விலை உயர்ந்தது தேவையில்லை. ஆனால் சீப்புப் பல்போல வெட்டு விழுந்த, அடர்த்தி குறைக்கும் கத்தரியை வாங்கிவிடாதீர்கள். கூர்மையைச் சோதிக்க டிஷ்யூ தாளை நனைத்து வெட்டிப் பாருங்கள். சுத்தமாக அறுந்தால் நல்லது, கிழிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கியதும் துணியில் சுற்றி ஒளித்து வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதில் மைலோ பாக்கெட்டை வெட்டிவிடுவார்கள், அதோடு அதன் கதை முடிந்தது.

நீளத்தைக் குறைக்காமல் வெடித்த முடியை மட்டும் தேடி எடுப்பதுதான் வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி. குளித்து, நன்றாகக் காய்ந்து, சிக்கெடுத்த முடியாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்த அன்று வேண்டாம், பிளவு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. பகல் வெளிச்சம் விழும் சன்னல் ஓரமாக உட்கார்ந்து, மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். கறுப்பு முடி அதில் நன்றாகத் தெரியும். பென்சில் கனத்துக்குக் கொஞ்சம் முடியை எடுத்து விரல்மேல் மடக்கினால் நுனிகள் விசிறியாக நிமிரும். பிளந்ததை மட்டும், பிளவு முடியும் இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே, நேராக வெட்டுங்கள். பிளவிலேயே வெட்டினால் மிச்சம் மேலே ஏறும். சாய்வாக வெட்டினால் உள்நார் அதிகம் வெளியே தெரியும். வெள்ளைப் புள்ளி இருந்தால் அதற்கும் மேலே வெட்ட வேண்டும். முழுத்தலையையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குமேல் போனால் கண் சலித்து, நல்ல முடியையும் சேர்த்து வெட்டுவீர்கள். சிலர் வகுப்பில் உட்கார்ந்து பிளந்த நுனியை நகத்தால் பிரித்து இழுப்பார்கள், பல்லால் கடிப்பார்கள். அரை சென்டிமீட்டரில் முடிய வேண்டிய சேதத்தை அது நாலு சென்டிமீட்டர் மேலே கொண்டுபோகும்.

கைப்பேசியில் எல்லாரும் பார்க்கும் முறுக்கும் முறை எனக்குப் பிடிக்காது. முடியைக் கயிறாக முறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் கத்தரியால் உரசிக்கொண்டே போவது. நீட்டிக்கொண்டிருப்பது வெடித்த முடி என்று யார் சொன்னது? பாதி புதிதாக வளர்ந்துவரும் குட்டை முடியாக இருக்கும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் கொத்துக்கொத்தாக முடி கொட்டி, பிறகு நெற்றியோரம் குட்டை முடி வருமே, அதையும் வெடிப்பு என்று வெட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

மொத்த நுனியையும் சமன் செய்ய வேண்டுமானால் அக்காவையோ அம்மாவையோ கூப்பிடுங்கள். நீங்களே வெட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு வெட்டுங்கள். நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் முன்னால் இழுத்து வெட்டினால், முதுகில் 'வி' வடிவம் விழும். பின்முடி முன்னால் வர அதிக தூரம் கடக்கிறது, அதனால் நடுவில் நீளம் மிஞ்சும். சடை பின்னுகிறவர்களுக்கு வால் மெலிந்து தெரியும். உச்சியில் குதிரைவால் கட்டி நெற்றிக்கு முன்னால் வெட்டுவது அதைவிட மோசம். முன்முடி குட்டையாகி, அடுக்கடுக்காகி, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் இரட்டைச் சடையில் பக்கமெல்லாம் பிதுங்கி நிற்கும். பிடரியில் தாழ்வாக ஒரு குதிரைவால் கட்டி, கீழே கீழே இரண்டு மூன்று கட்டுப் போட்டு, தலையைக் குனியாமல் கடைசிக் கட்டுக்குக் கீழே வெட்டுவதுதான் இருப்பதில் பாதுகாப்பானது. ஈர முடியில் செய்ய வேண்டாம். நனைந்த முடி நீளும், காய்ந்ததும் ஏறிக்கொள்ளும். சுருட்டை முடிக்காரர்கள் இதில் ஏமாந்தால் அழுகைதான்.

எவ்வளவு எடுக்கலாம்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1 சென்டிமீட்டர் எடுத்தால், வருடத்தில் வளரும் 12-ல் 4 போகும், 8 கையில் நிற்கும். நுனி நன்றாக இருந்தால் தேதிக்காக வெட்ட வேண்டியதில்லை. செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டாத வீடு என்றால் வேறு நாளில் செய்யுங்கள், முடிக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வெட்டிக்கொண்டே இருந்தும் வெடிக்கிறதென்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் நான் அதிகம் பார்ப்பது தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளின் முடி. விடியுமுன் பஸ் வந்துவிடும். எழுந்து தலைக்குக் குளித்து, ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு, மேலே வலை, அதன்மேல் தொப்பி. ஷிப்ட் முடியும்வரை அந்த முடி காயவே காயாது. ஈரத்தில் முடி ஊதி, பலம் குறைந்திருக்கும் நேரத்தில் இறுக்கி மடக்கினால், மடங்கிய இடத்தில்தான் அந்த வெள்ளைப் புள்ளிகள். முந்தின மாலையே குளித்துக் காயவைத்துவிடுங்கள், காலையில் தளர்வாகப் பின்னி வலைக்குள் சுற்றிக்கொள்ளுங்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் வரும் ரப்பரைத் தலையில் போடுவதையும் நிறுத்துங்கள். கழற்றும்போது எத்தனை முடி அதோடு வருகிறது என்று பார்த்தாலே போதும். மோட்டாரில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்கு வெளியே முடியைப் பறக்கவிடாமல் பின்னிச் சட்டைக்குள் விடுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்காமாரின் முடி, நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் இருப்பவர்களின் முடியைவிடத் திடமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் செய்வது எண்ணெய், சடை, தலைத்துணி. எண்ணெய் விஷயத்தில் பழக்கத்துக்கு ஆதாரமும் உண்டு. இந்திய ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிப்பதற்கு முன் தேய்த்தாலும் அந்தப் பலன் கிடைத்தது. பளபளப்பான பாட்டிலில் 'ஹேர் ஆயில்' என்று விற்பதில் முதல் பொருளாக மினரல் ஆயில் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியால் தலை குளிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் காரம் செதிலைத் தூக்கிவிடும், அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

ரீபாண்டிங், அதாவது மருந்து வைத்து நிரந்தரமாக நேராக்குவது, செய்த முடிக்கு இந்த வீட்டு வைத்தியமெல்லாம் அவ்வளவாக உதவாது. மருந்து முடியின் உள்கட்டையே உடைத்துத் திருப்பிப் போட்டிருக்கிறது. தீபாவளிக்குச் செய்துகொண்டு தைப்பூசத்துக்குள் நடுவில் ஒடிய ஆரம்பித்த தலைகளைப் பார்க்கிறேன். மேலே மறுபடி மருந்து வைக்காமல், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வெட்டிக்கொண்டே வெளியேற்ற வேண்டும். தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்ப்பவர்கள் கத்தரி படக்கூடாது என்றால் நான் வற்புறுத்துவதில்லை. எண்ணெயும் தளர்வான சடையும் போதும்.

உடைந்து விழுவது வேறு, வேரோடு கொட்டுவது வேறு. விழுந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. அதற்குமேல் கொத்தாக வந்தாலோ, தலையில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ என்னிடம் வராதீர்கள், கிளினிக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் கத்தரிக்குக் கட்டுப்படாது.

வருடத்துக்கு ஒருமுறையாவது கடைக்கு வந்து நுனி வரிசையைச் சரிசெய்துகொள்ளுங்கள். எந்தக் கடையாக இருந்தாலும், "கொஞ்சமா எடுங்க" என்று வாயால் மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் கொஞ்சமும் வெட்டுகிறவரின் கொஞ்சமும் ஒன்றாக இருக்காது. நுனியைக் கையில் பிடித்து, எங்கே வெட்ட வேண்டும் என்று விரலால் காட்டுங்கள். அதற்குமேல் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்டு, வெடிப்பைக் கண்ணால் பார்த்த பிறகு தலையாட்டுங்கள்.