ஏஐ எழுதிக் குடுத்த கோட் சரியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"காலேஜ் பசங்களுக்கு நடத்துற புரோகிராமிங் போட்டியில சாட்ஜிபிடி மாதிரி டூல் எல்லாம் யூஸ் பண்ணலாம்னு விட்டுட்டா அப்புறம் அங்க மனுஷனுக்கு என்ன வேலை, டைப் அடிக்கிறது மட்டும்தானா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேலை இருக்கு, அதுவும் ரொம்ப அழகான வேலை. அதைப் பத்தி எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல நிலவரம் என்னன்னு பார்த்துடலாம். ஐசிபிசின்னு ஒரு போட்டி, யுனிவர்சிட்டி மாணவர்களுக்கான புரோகிராமிங் போட்டியில உலக அளவுல அதுதான் பெருசு. ஒரு டீமுக்கு 3 பேரு, ஒரே ஒரு கம்ப்யூட்டர், 5 மணி நேரம், தப்பா சப்மிட் பண்ணின கணக்கை பின்னாடி சரி பண்ணிட்டா ஒவ்வொரு தப்புக்கும் 20 நிமிஷம் பெனால்டி. அங்க மாணவர்களுக்கு ஏஐ கிடையாது. ஆனா 2025 செப்டம்பர்ல அசர்பைஜான் தலைநகர் பாகுவுல இறுதிப் போட்டி நடந்தப்போ அதே கணக்குகளை ஏஐக்கும் தனியா குடுத்துப் பார்த்தாங்க. மனுஷங்கள்ல முதலிடம் வந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஸ்டேட் யுனிவர்சிட்டி டீம் 12ல 11 போட்டாங்க, கூகுளோட ஜெமினி 10 போட்டுச்சு, ஓபன்ஏஐயோட மாடல்கள் பன்னெண்டையும் போட்டுடுச்சு. அதுல 11 கணக்கு முதல் சப்மிஷன்லயே ஓகே ஆயிடுச்சு, ரொம்பக் கஷ்டமான ஒண்ணு மட்டும் 9வது சப்மிஷன்ல தான் ஓகே ஆச்சு. அந்த 9ங்கிற நம்பரை கவனிங்க, அவ்வளவு பெரிய மாடலுக்கே முன்னாடி அனுப்பின எட்டும் தப்புன்னு ஜட்ஜ் (அனுப்புற கோடை ஓட்டிப் பார்த்து சரியா தப்பான்னு சொல்ற புரோகிராம்) சொல்லித்தான் தெரிஞ்சிருக்கு.

ஏஐ கோட் எழுதுறது எப்படின்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அடுத்த துண்டு என்னவா இருக்கலாம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாய்ப்பு போட்டு, அதுலேர்ந்து கொஞ்சம் குலுக்கி எடுத்து எழுதிக்கிட்டே போகும். குலுக்குறதால ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டா பத்து விதமான புரோகிராம் வரும். சிலது சரி, சிலது தப்பு, ஆனா பத்தும் பார்க்க ஒரே மாதிரி சுத்தமா, கமென்ட் எல்லாம் போட்டு நம்பிக்கையா இருக்கும். அதனால படிச்சுப் பார்த்து தப்பைப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். ஏஐ அனுமதிக்கிற போட்டியோட மொத்த சூட்சுமமும் இந்த இடத்துல தான் இருக்கு, கோட் கிடைக்கிறது சுலபமாயிடுச்சு, அது சரியான்னு ஜட்ஜுக்கு முன்னாடி நமக்குத் தெரியணும்.

அதுக்கு ஒரு வழி இருக்கு, போட்டிக்குப் போறவங்க ஸ்ட்ரெஸ் டெஸ்ட்னு சொல்லுவாங்க. ஒரு கணக்கு எடுத்துக்கலாம். வரிசையா நம்பர் குடுத்திருக்கு, அதுல அடுத்தடுத்து இருக்குற ஒரு துண்டை எடுக்கணும், குறைஞ்சது ஒரு நம்பராவது அதுல இருக்கணும், கூட்டுத்தொகை முடிஞ்ச அளவு பெருசா வரணும். 2, -5, 3, 1, -2, 4 ன்னு இருந்தா 3, 1, -2, 4 ங்கிற துண்டை எடுத்தா 6, அதுதான் விடை. மொத்தம் 1 லட்சம் நம்பர் வரைக்கும் வரலாம்.

வேகமான வழி என்னன்னா இடதுலேர்ந்து வலதுக்கு ஒரே ஒரு தடவை போகணும், சேர்த்துக்கிட்டு வந்த கூட்டுத்தொகை மைனஸ்ல போயிட்டா அதை விட்டுட்டு புதுசா ஆரம்பிக்கணும், வழியில பார்த்ததுலயே பெரிய தொகையை ஞாபகம் வச்சுக்கணும். கடேன் அல்காரிதம்னு பேரு. இப்ப, அந்த "பெரிய தொகை"யை ஆரம்பத்துல 0ன்னு வச்சு கோட் எழுதியிருக்குன்னு வைங்க. பார்க்க ரொம்ப இயல்பா இருக்கும், கேள்வியில குடுத்த சாம்பிள் டெஸ்ட்லயும் பாஸ் ஆயிடும். ஆனா எல்லா நம்பரும் மைனஸா இருந்தா, உதாரணத்துக்கு -3, -1 ன்னு மட்டும் இருந்தா, விடை -1 வரணும், இது 0ன்னு சொல்லும், இல்லாத ஒரு துண்டோட கூட்டுத்தொகையை சொல்லுது. (இந்தக் கணக்கு ரொம்பப் பிரபலம், நேரடியா கேட்டா இப்ப இருக்குற ஏஐ சரியாவே எழுதிடும், ஆனா இதே துண்டு ஒரு பெரிய கணக்குக்குள்ள ஒளிஞ்சு வர்றப்போ இந்த மாதிரி ஓரத்துத் தப்பு இன்னும் வரத்தான் செய்யுது.)

இதை எப்படிப் பிடிக்கிறது? ரெண்டாவதா ஒரு புரோகிராம் எழுதணும், புத்திசாலித்தனம் கொஞ்சம் கூட வேண்டாம், எல்லாத் துண்டையும் ஒண்ணு விடாம எடுத்து கூட்டிப் பார்த்து பெருசை சொல்லணும், அவ்வளவுதான், ப்ரூட் ஃபோர்ஸ். 1 லட்சம் நம்பருக்கு சுமார் 500 கோடி துண்டு வரும், செகண்டுக்கு 10 கோடி கணக்கு போட்டாலும் 50 செகண்ட் ஆகும், ஜட்ஜ் ஒண்ணு ரெண்டு செகண்ட்லயே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். ஆனா இதை யாரு அனுப்பப் போறா? இது நமக்காக. மூணாவதா சின்னச் சின்ன இன்புட் குலுக்கிப் போடுற ஒரு புரோகிராம், 1லேர்ந்து 5 வரைக்கும் நீளம், -5லேர்ந்து 5 வரைக்கும் மதிப்பு. அதை வேகமானதுக்கும் குடு, மெதுவானதுக்கும் குடு, விடை ஒண்ணா இருந்தா அடுத்தது, வேற வேறயா இருந்தா நிறுத்து.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. பெரிய டெஸ்ட் போட்டா தான் தப்பு மாட்டும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, கணக்கு போட்டுப் பாருங்க. -5லேர்ந்து 5 வரைக்கும் 11 மதிப்பு, அதுல 5 மைனஸ். நீளம் 1 லட்சம் இருந்தா எல்லாமே மைனஸா வர்றதுக்கான வாய்ப்பு 5/11ங்கிறதை 1 லட்சம் தடவை பெருக்கினது, புள்ளிக்கு அப்புறம் 34,000க்கும் மேல சைபர் போட்டாத்தான் முதல் எண் வரும், பிரபஞ்சம் முடியிற வரைக்கும் குலுக்கினாலும் வராது. ஆனா நீளம் 1 இருந்தா வாய்ப்பு 5/11, கிட்டத்தட்ட பாதி. நீளம் 2க்கு 21 சதவீதம், 3க்கு 9 சதவீதம், இப்படி 1லேர்ந்து 5 வரைக்கும் சராசரி எடுத்தா 16 சதவீதம். நூறு டெஸ்ட் போட்டும் இந்தத் தப்பு தப்பிக்கிறதுக்கான வாய்ப்பு சுமார் 5.6 கோடியில ஒண்ணு. நூறு டெஸ்ட் ஓடுறதுக்கு கண் சிமிட்டுற நேரம் கூட ஆகாது! ஓரத்துல ஒளிஞ்சிருக்குற விசித்திரமான நிலைமை எல்லாம், எல்லாம் மைனஸ், எல்லாம் ஒரே நம்பர், ஒரே ஒரு நம்பர், இதெல்லாம் சின்ன உலகத்துல அடிக்கடி நடக்கும், பெரிய உலகத்துல நடக்கவே நடக்காது. இன்னொரு லாபமும் இருக்கு, மாட்டின டெஸ்ட் "-3" அளவுக்கு சின்னதா இருக்கும், கோட்ல எங்க தப்புன்னு விரல் வச்சு காட்டிடலாம்.

சின்ன டெஸ்ட் பிடிக்காததும் இருக்கு, அதையும் சொல்லணும். ஒவ்வொரு நம்பரும் 100 கோடி வரைக்கும் வரலாம்னா 1 லட்சம் நம்பரோட கூட்டுத்தொகை 32 பிட்டுல (புரோகிராம்ல ஒரு முழு எண்ணுக்கு வழக்கமா ஒதுக்குற இடம்) அடங்காது, அதோட எல்லை 214 கோடி சொச்சம் தான். அதுக்கும் டைம் லிமிட்டுக்கும் தனியா பெரிய டெஸ்ட் ரெண்டு மூணு போட்டுத்தான் ஆகணும்.

இதே யோசனையை கூகுளோட டீப்மைண்ட், போட்டிக் கணக்குக்கு கோட் எழுதுற ஆல்ஃபாகோட்ங்கிற ஏஐயில வேற விதமா பண்ணினாங்க, 2022ல வந்தது. ஒரு கணக்குக்கு லட்சக்கணக்குல புரோகிராம் எழுத விட்டாங்க, சாம்பிள் டெஸ்ட்ல ஃபெயில் ஆனதை தூக்கிட்டாங்க, அதுலயே 99 சதவீதம் போயிடுச்சு. மிச்சம் இருக்குறதுக்கு புது இன்புட் குடுத்து, ஒரே மாதிரி விடை சொல்றதை எல்லாம் ஒரு கூட்டமா சேர்த்து, பெரிய கூட்டத்துலேர்ந்து ஆரம்பிச்சு கூட்டத்துக்கு ஒண்ணுன்னு அதிகபட்சம் 10 மட்டும் சப்மிட் பண்ணினாங்க. சரியா எழுதினதெல்லாம் ஒரே விடை சொல்லும், தப்பா எழுதினது ஆளுக்கொரு தப்பு சொல்லி சிதறிடும், அதனால பெரிய கூட்டம் சரியா இருக்க வாய்ப்பு அதிகம்ங்கிறது தான் அடிப்படை.

ஆனா தப்பு நிஜமாவே சிதறுமா? 1986லயே ஜான் நைட், நான்சி லெவ்சன்னு ரெண்டு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் இதை சோதிச்சிருக்காங்க. ரெண்டு அமெரிக்க யுனிவர்சிட்டி மாணவர்கள்கிட்ட ஒரே கணக்கைக் குடுத்து, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம 27 புரோகிராம் எழுத வச்சு, 10 லட்சம் டெஸ்ட் ஓட்டினாங்க. தனித்தனியா எழுதினவங்க கூட ஒரே டெஸ்ட்ல சேர்ந்து தப்பு பண்ணினது, தற்செயலா நடக்கும்னு எதிர்பார்க்குறதை விட ரொம்ப அதிகமா இருந்துச்சு. கஷ்டமான இடம் எல்லாருக்குமே கஷ்டமான இடம்.

மனுஷங்களுக்கே அப்படின்னா ஒரே மாடல்கிட்ட வேகமான கோடும் வாங்கி, ப்ரூட் ஃபோர்ஸும் அதுகிட்டயே வாங்கினா என்ன ஆகும்னு யோசிங்க. "குறைஞ்சது ஒரு நம்பராவது இருக்கணும்"ங்கிற வரியை அது தவறவிட்டிருந்தா ரெண்டு புரோகிராமும் சேர்ந்து 0ன்னு சொல்லும், 10,000 டெஸ்டும் பாஸ், சப்மிட் பண்ணினா ராங் ஆன்சர். அதனால வேகமான கோடை ஏஐகிட்ட வாங்குங்க, கேள்வியை நீங்களே மறுபடி வரிவரியா படிச்சு அந்த மெதுவான புரோகிராமை உங்க கையால எழுதுங்க, பெரும்பாலும் 15, 20 வரிக்குள்ள முடிஞ்சிடும். வாசகர் கேட்ட "மனுஷனுக்கு என்ன வேலை"க்கு என் பதில் அதுதான்.

ஏஐ சொன்னா சரியா இருக்கும்னு சோதிக்காம நம்புறது எனக்கு ஜோசியத்தை நம்புறதுக்கு சமம், பலிச்சதை ஞாபகம் வச்சுப்போம், பலிக்காததை மறந்துடுவோம். மாடலை இன்னும் பெருசாக்குறதுக்கு கொட்டுற பணத்துல ஒரு பங்கு, அது எழுதுற கோட் சரியான்னு சோதிக்கிற ஆராய்ச்சிக்கும் வரணும், யுனிவர்சிட்டி லேப்ல செய்யக்கூடிய வேலை அது, ஆயிரக்கணக்குல சிப் தேவையில்ல.

கடைசியா ஒண்ணு, சில கணக்குக்கு சரியான விடையே பல இருக்கும், ரெண்டு ஊருக்கு நடுவுல மிகக் குறைவான தூரம் போற பாதையைக் காட்டுன்னு கேட்டா அதே தூரத்துல நாலு பாதை இருக்கலாம். அங்க ரெண்டு விடையையும் நேரடியா ஒப்பிட்டா சரியான கோடையே தப்புன்னு சொல்லிடுவோம். அதுக்கு செக்கர்னு ஒரு குட்டி புரோகிராம் வேணும், காட்டின பாதையில இருக்குற ஒவ்வொரு ரோடும் நிஜமா இருக்கா, கூட்டினா வர்ற தூரம் ப்ரூட் ஃபோர்ஸ் சொன்ன தூரத்தோட ஒத்துப்போகுதான்னு பார்த்தா போதும், பாதை எதுவா இருந்தாலும் பரவாயில்ல. இந்த செக்கரையும் நீங்களே எழுதிடுங்க.