கொல்லிமலைக்குக் குழந்தையோடு போகிறீர்களா? திரும்பி ஏறுவதை முதலில் யோசியுங்கள்

"நான் விழல. அப்பாதான் விழுந்தாங்க."

எங்கே விழுந்தாய் என்று கேட்டதற்கு ஐந்து வயதுப் பையன் சொன்ன பதில். திங்கட்கிழமை காலை, வீங்கிய இடது கையை அம்மாவின் துப்பட்டாவில் தொட்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். முந்தின நாள் கொல்லிமலை. ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டுப் படி ஏறும்போது, கால் வலிக்கிறது என்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். ஈரப் படி, காலில் ரப்பர் செருப்பு. அவருக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. பையனுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவு.

நாமக்கல்லில் குழந்தை மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை மலையில் நடந்தது திங்கட்கிழமை எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். குழந்தை களைத்தால் பாதியில் திரும்பிவிடலாம். ஆகாய கங்கையில் எல்லாம் தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. பிள்ளைகள் குதித்துக் குதித்து இறங்கும். "எங்க பையன் அசரவே மாட்டான்" என்று அப்பாக்கள் பெருமைப்படுவது அப்போதுதான். அருவியில் ஆடி, நனைந்து, பசி எடுத்த பிறகு அதே படிகளை ஏற வேண்டும் என்பது அந்தப் பெருமையில் மறந்துபோகும்.

வருகிற பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றுதான். முதல் நூறு படி இறங்கியதும் நில்லுங்கள். விளையாட்டுப் போல முப்பது படி திரும்ப ஏறச் சொல்லுங்கள். மூச்சு வாங்கி, "தூக்குப்பா" என்று கை நீட்டினால் அன்றைக்கு அதோடு சரி. கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். தூக்கிக்கொள்ளலாம் என்பதைத் திட்டமாக வைக்காதீர்கள். பதினைந்து கிலோ தோளில் இருக்கும்போது காலடி தெரியாது, கையால் பிடித்துக்கொள்ளவும் முடியாது.

இன்னொன்று, களைப்பு படியில் தொடங்குவதில்லை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பயண வாந்தி இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். மூன்று முறை வாந்தி எடுத்த குழந்தை மலைக்கு வந்து சேரும்போதே பாதி வாடியிருக்கும். கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும், வயிறு முட்ட வேண்டாம். கண் தூரத்தைப் பார்க்கட்டும், கையில் செல்போன் கூடாது. பெரியவர்களின் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே நிறைய. தயவுசெய்து வேண்டாம். சில மாத்திரைகள் தூக்கம் வர வைக்கும். தூக்கக் கலக்கத்தோடு படி இறங்குகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். அப்படித் தூக்கம் தரும் ப்ரோமெத்தசின் என்ற வாந்தி மருந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சுத் திணறல் வரலாம்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" இதற்குப் பதில் தெரிந்த பெற்றோர் குறைவு. ஆறு மணி நேரமாகப் போகவில்லை, போனாலும் அடர் மஞ்சள் என்றால் உடம்பில் நீர் குறைகிறது. ஓஆர்எஸ் பொட்டலத்தில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை டம்ளரில் கண்ணளவில் கொட்டிக் கலக்குவது உதவாது, உப்பு கூடிப்போகும். பெட்டிக்கடையில் தொங்கும் சர்க்கரைத் தண்ணீர் டப்பாக்கள் ஓஆர்எஸ் ஆகாது.

குளித்து முடித்ததும் ஈரத் துணியை மாற்றிவிடுங்கள், மேலே வந்து மாற்றலாம் என்று விடாதீர்கள். குழந்தையின் உடம்பு சிறிது. எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். நம்மைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். நடக்கிற உங்களுக்கு வியர்க்கும்போது, தூக்கிவைத்திருக்கும் கைக்குழந்தைக்குக் குளிரும். கழுத்துக்குக் கீழே, முதுகில் கை வைத்துப் பாருங்கள்.

குரங்குக்குப் பயந்தாவது தின்பண்டத்தைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள். அருவித் தண்ணீர் திடீரென்று கலங்கினால் செருப்பைக்கூடத் தேடாமல் குழந்தையோடு கரையேறி மேலே வந்துவிடுங்கள். மேலே எங்கோ மழை.

அந்தப் பையனுக்கு மூன்று வாரம் மாவுக்கட்டு. பிரித்த பின் என்னிடம் காட்ட வந்தபோது, மறுபடி மலைக்குப் போகலாமா என்று அவனே கேட்டான். படி குறைவான மாசிலா அருவிக்குப் போகச் சொன்னேன். போனார்களாம். வழியில் ஒரு மரவட்டையைக் கண்டு அவன் உட்கார்ந்துவிட, அம்மாவும் கூடவே உட்கார்ந்துவிட்டார். அருவியை அப்பா மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.