ஓட்டத்தை உயரமாக்கும் வளைசுவர்

ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சி 1997-ல் தொடங்கிய ‘சசுகே’ தடையோட்டப் போட்டியில் 2000-ல் புதிதாக ஒரு சுவர் சேர்ந்தது. அடிப்பகுதி குழிவாக வளைந்து, மேலே போகப்போகச் செங்குத்தாக நிமிரும். கயிறோ பிடிமானமோ கிடையாது; ஓடிவந்த வேகத்திலேயே ஏறி உச்சி விளிம்பைப் பிடிக்க வேண்டும். இப்போட்டியின் அமெரிக்கப் பதிப்பான ‘அமெரிக்கன் நிஞ்சா வாரியர்’ இதை 14 அடியில் அமைத்து, பிறகு 14.5 அடியாக உயர்த்தியது. 2018-ல் கூடவே 18 அடி ‘மெகா வால்’ (மாபெரும் சுவர்) வந்தது. அந்த ஆண்டு அதில் ஏறினால் 10,000 டாலர் பரிசு.

14 அடிச் சுவரைவிட நாலடிதானே கூடுதல் என்று தோன்றும். 175 செ.மீ. உயரமுள்ளவர் நிற்கும்போது அவருடைய நிறைமையம் (உடல் எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) தரையிலிருந்து சுமார் 1 மீட்டரில் இருக்கும். அங்கிருந்து தூக்கிய கையின் விரல்நுனி வரை இன்னொரு 1.2 மீட்டர். ஆக, 14 அடி விளிம்பைப் பிடிக்க நிறைமையம் 2.1 மீட்டர் உயர்ந்தால் போதும். 18 அடிக்கு 3.3 மீட்டர் உயர வேண்டும். சுவர் வளர்ந்தது 29 விழுக்காடு, தேவைப்படும் ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கும் மேல். ஓட்ட வேகத்தை மட்டும் நம்பினால் முதல் சுவருக்கு வினாடிக்கு 6.4 மீட்டர், இரண்டாவதற்கு 8 மீட்டர் வேண்டும். குறுகிய ஓடுபாதையில் அவ்வளவு வேகம் பிடிப்பது கடினம். குறைவதைக் கால்கள் சுவரை உதைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

உதைக்க உராய்வு வேண்டும்; அதைத் தருவது வளைவு. 2.5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நுழைந்தால், அடியில் கால்கள் தாங்குவது ஏறத்தாழ இருமடங்கு உடல் எடை. அந்த அழுத்தத்தில் பாதம் சுவரைக் கவ்வும். வளைவு முடிந்து சுவர் நேரானதும் அழுத்தம் மறைந்து பாதம் வழுக்கும். ஆரத்தை மாற்றாமல் உயரத்தைக் கூட்டினால் நீள்வது இந்த வழுக்கும் பகுதிதான்.

தோற்பவர்கள் பெரும்பாலும் கால்வலு குறைந்தவர்கள் அல்லர். வளைவு தொடங்குமிடத்தில் தயங்கிக் குட்டி அடி வைத்து வேகத்தை இழப்பார்கள். அல்லது பயத்தில் சுவரோடு ஒட்டிச் சாய்வார்கள். உதை கீழ்நோக்கி மட்டுமே போவதால் கால் சறுக்கிவிடும். உடல் எப்போதும் சுவர்ப்பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மூன்று நான்கு நீண்ட அடிகள், கடைசி உதை மேல்நோக்கி, அதன் பிறகே கை. கையை முன்கூட்டியே நீட்டினால் ஓர் அடி வீணாகும். முந்தைய தடையில் நனைந்த காலணி இவை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

2014-ல் ‘அமெரிக்கன் நிஞ்சா வாரியர்’ டல்லாஸ் சுற்றில் 14 அடிச் சுவரை ஏறிய கேசி கடன்சாரோவின் உயரம் 5 அடிதான். மேலே சொன்ன கணக்கின்படி அவருடைய நிறைமையம் 175 செ.மீ. உயரமுள்ளவருடையதைவிடச் சுமார் 30 செ.மீ. கூடுதலாக உயர வேண்டியிருந்தது. அந்த நிகழ்ச்சியில் இதைச் செய்த முதல் பெண் அவர்.

பயிற்சிக்கு இப்படியொரு சுவர் கட்டுபவர்கள் தடித்த ஒட்டுப்பலகையை வளைக்க முயலக் கூடாது, வெடித்துவிடும். மெல்லிய பலகைகளை இரண்டு அடுக்காக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி பதிக்க வேண்டும். 8 அடியில் தொடங்கி, அது சுலபமான பிறகே அடுத்த சுவருக்குப் போகலாம்.