கவலைக்குக் குடித்தால் கவலை ஏன் கூடுகிறது?

மார்கழியில் வாடைக்காற்று பலத்தால் திருகோணமலைக் கரையிலிருந்து சிறு வள்ளங்கள் கடலுக்குப் போவது குறைந்துவிடும். உழைப்பு நிற்கும், கடன்காரர் வருவது நிற்காது. பக்கத்துப் பக்கத்து மீன்வாடிக்காரர் இருவருக்கு ஒரே அளவு கடன் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சங்கத்துக்குப் போய்த் தவணை கேட்கிறார், வந்து வலை பொத்துகிறார். மற்றவர் தவறணைக்குப் போகிறார். “அவனுக்குப் பிரச்சினை, அதுதான் குடிக்கிறான்” என்று ஊர் சொல்லும். பிரச்சினை முதலாமவருக்கும் அதேதானே?

லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984இல் எழுதிய நூலில், நெருக்கடியைச் சமாளிப்பதில் இரண்டு பெரிய வழிகளைக் காட்டினார்கள்: பிரச்சினையிலேயே கைவைப்பது, அது கிளப்பும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது. இந்த இரண்டாவது வழியில் ஒரு கிளை, பிரச்சினையை நினைக்காமலே தப்பித்துக்கொள்வது. லின் கூப்பர் குழுவினர் 1992இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், நெருக்கடி கூடக் குடியும் கூடியது எல்லோரிடமும் அல்ல. இப்படித் தப்பிக்கும் பழக்கமுள்ள ஆண்களிடமும், குடித்தால் சுகம் வரும் என்று பலமாக நம்பிய ஆண்களிடமும்தான் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

அந்த நம்பிக்கை முழுப் பொய்யும் அல்ல, சிக்கலே அதுதான். கவலை வந்தால் மூளை சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பியைத் தூண்ட, அதிரினலின், கோர்ட்டிசோல் என்ற ஓமோன்கள் இரத்தத்தில் ஏறும், நெஞ்சு படபடக்கும். மதுசாரம் மூளையின் பிரேக்கான காபா என்ற இரசாயனத்துக்கு வலுக்கொடுத்து, முடுக்கியான குளூட்டமேற்றை அடக்குகிறது. அரை மணித்தியாலத்துக்குள் ஆறுதல் வரும். எது ஆறுதல் தந்தது என்பதை மூளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

அப்புறம்தான் கணக்கு வருகிறது. கால் போத்தல் சாராயத்தில் சுமார் 45 முதல் 50 கிராம் தூய மதுசாரம் இருக்கும். ஈரல் மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தவருக்கு விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்குப் போதை இறங்கும். தினமும் குடித்துப் பழகிய மூளை, பிரேக்கைத் தளர்த்தி முடுக்கியை ஏற்றி ஏற்கெனவே ஈடுசெய்து வைத்திருக்கும். மது போனதும் முடுக்கி மட்டும் மிஞ்சும். வியர்த்து, நெஞ்சடித்து விழிப்பு வரும். கடன் அப்படியே இருக்கிறது, பதற்றமோ நேற்றையதைவிடக் கூட. “ஒரு கிளாஸ் அடிச்சால் சரிவரும்” என்ற எண்ணம் பிறப்பது இந்த நேரத்தில்தான்.

கவலையை மறக்கக் குடிப்பவருக்கு, அதே அளவைக் கூட்டாளிகளோடு கொண்டாட்டத்தில் குடிப்பவரைவிடச் சிக்கல்கள் கூட வருகின்றன என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

எல்லாப் பிரச்சினையையும் தீர்க்கவும் முடியாது. 2004இல் கடல் கொண்டுபோன பிள்ளைக்கு என்ன தீர்வு? அங்கே உணர்ச்சியை ஆற்றுவதுதான் வழி. செத்தவீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. ஆண்கள் வெளியே பந்தலில் கடதாசி விளையாடினார்கள். அழுவதற்கு இடம் கிடைத்தது யாருக்கு என்று பார்த்தால், ஒப்பாரியை நாகரிகமில்லை என்று ஒதுக்கியது அவசரப்பட்ட முடிவு என்றே எனக்குப் படுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரிடம் காட்டி, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்துக் கேட்கலாம்.