பழைய இசைத்தட்டைப் புதிதாகச் செய்வது எப்படி?

எண்பதுகளின் பாப் பாட்டுகளில் டிரம்ஸ் ஏன் இடி மாதிரி விழுந்து சட்டென்று நின்றுவிடுகிறது? அதற்கு ஃபில் காலின்ஸுக்கும் பங்கு உண்டு. ஜெனிசிஸ் ராக் குழுவின் டிரம்மரான அவர், 1980-இல் வெளிவந்த பீட்டர் கேப்ரியேலின் ஆல்பத்துக்காக லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் வாசித்தார். அப்போது இசைக்கலைஞர்கள் சொல்வதைக் கேட்க வைத்திருந்த மைக் வழியாக அந்த டிரம்ஸ் கேட்டது. அந்த மைக்கின் கம்ப்ரஸர் பெரிய ஒலியை அமுக்கி, சின்ன ஒலியை மேலே தூக்கியது. அறையின் எதிர்முழக்கம் பூதாகரமாகப் பெருகியது. ஒலிப்பொறியாளர் ஹியூ பாட்ஜம் அதன் வாலை, ஒலி குறைந்ததும் வழியை அடைத்துவிடும் 'நாய்ஸ் கேட்' கருவியால் நறுக்கினார். பத்து வருடத்துக்கு உலகமே அந்த ஓசையைக் காப்பி அடித்தது.

2010-இல், 59 வயதில், இதே மனிதர் நேர் எதிர்த் திசையில் போனார். 'கோயிங் பேக்' என்ற ஆல்பத்தில், தன் சிறுவயதில் கேட்ட, அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் அறுபதுகளில் வெளியிட்ட சோல் வகைப் பாட்டுகளை அச்சு அசலாகத் திரும்பச் செய்யப் பார்த்தார். புது இசைத்தட்டு வேண்டாம், பழைய இசைத்தட்டே வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். விமர்சகர்கள் சிலர் 'எதற்கு இந்த நகல்?' என்று முகம் சுளித்தார்கள். எனக்கு என்னவோ இது நல்ல அறிவியல் சோதனையாகவே படுகிறது. ஓர் ஓசையைப் பிரித்துப் போட்டு மறுபடி கூட்டிப் பார்த்தால் எது வரும், எது வராது?

மோட்டவுன் ஓசை பிறந்த இடம் டெட்ராய்ட்டில், வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீடு. மோட்டவுனைத் தொடங்கிய பெர்ரி கோர்டி அதை 1959-இல் வாங்கினார். சின்ன அறைக்குள் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்ற வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்து வாசித்தார்கள். எதிர்முழக்கத்துக்கு மாடியின் பரணையே பயன்படுத்தினார்கள். அங்கே ஸ்பீக்கரில் பாட்டை ஒலிக்கவிட்டு, சுவர்களில் பட்டுத் திரும்புவதை மைக்கில் பிடித்துக் கலந்தார்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். பரண் சிறியது என்பதால் எதிரொலிகள் சில மில்லி வினாடி இடைவெளியில் அடுத்தடுத்து வந்து சேரும். காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காது. அசல் குரலோடு ஒட்டி, குரலே தடிமனானதாகக் கேட்கும்.

உயிர்நாடி பேஸ் கிட்டார்தான். ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டையான மேற்பரப்புள்ள கம்பிகளைப் போட்டு, லேசில் மாற்றாமல், வலக்கை ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். கம்பிகளுக்கு அடியில் ஃபோம் துண்டு. பித்தளைச் சொம்பைத் தட்டிவிட்டு உடனே விரலை வைத்தால் 'ணங்' ஓசை அடங்குவது போல, ஃபோமும் பழைய கம்பியும் உயர் மேற்சுரங்களை முதலில் விழுங்கிவிடும். மிஞ்சுவது குண்டான ஒரு 'தும்'.

சரி, அந்தத் 'தும்' குட்டி டிரான்சிஸ்டர் ரேடியோவில் எப்படிக் கேட்டது? பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்கு 41 முறை அதிரும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அதை ஒலிக்கவே முடியாது. ஆனால் அந்தக் கம்பி 82, 123, 164, 205 ஹெர்ட்ஸ் என்று மடங்குகளிலும் அதிர்கிறது. ஃபோம் போட்டாலும் இவற்றில் பல தப்பிக்கின்றன. ஸ்பீக்கர் மேலே உள்ள சிலவற்றைத் தருகிறது. அவற்றுக்கிடையே எங்கும் 41 வித்தியாசம் இருப்பதை மூளை கவனித்து, வராத அடிச்சுரத்தை வந்ததாகவே கேட்கிறது. கார் ரேடியோவில் எடுபட வேண்டும் என்பது மோட்டவுனின் குறியாகவே இருந்தது.

காலின்ஸ் பேஸுக்கு பாப் பாபிட்டையும், கிட்டாருக்கு எடி வில்லிஸையும் ரே மோனெட்டையும் அழைத்தார். மூவரும் மோட்டவுனில் வாசித்தவர்கள். புத்திசாலித்தனமான முடிவு, விரல் கம்பியை விடும் கோணத்தையும் கணத்தையும் எந்தக் கருவியாலும் நகலெடுக்க முடியாது.

சிக்கல் அவருடைய கையிலேயே இருந்தது. கழுத்து முள்ளெலும்புப் பிரச்சினையில் நரம்பு பாதிக்கப்பட்டு, டிரம் குச்சியைப் பிடிக்கவே தடுமாறினார். குச்சியைக் கையோடு டேப் போட்டுக் கட்டிக்கொண்டு வாசித்தார். வழக்கமாக டிரம்மர் குச்சியை இறுக்கிப் பிடிப்பதில்லை. டிரம்மின் தோலில் பட்டு அது தானாக எம்பும். விரல்கள் அந்தத் துள்ளலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். வேகமான உருட்டல்கள் இப்படித்தான் வருகின்றன. கட்டிவிட்டால் அந்த விரல் வேலை பெரும்பாலும் போய்விடும். மணிக்கட்டும் முன்கையுமே பாடுபட வேண்டும். ஆனால் மோட்டவுன் பாட்டுகள் பலவற்றில் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் அடி நாலு தாளத்திலும் சீராக விழும். நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் வினாடிக்கு இரண்டே அடி, மணிக்கட்டு தாங்கும்.

நகலாகாத ஒன்று குரல். இந்தப் பாட்டுகளில் பல, பெண்கள் பாடியவை. தொண்டையிலிருந்து உதடு வரையிலான குழாய் ஆணுக்குச் சராசரியாக 17 செ.மீ., பெண்ணுக்கு 14 செ.மீ. அளவில் இருக்கும். நீளம் கூடினால் அது தூக்கிக் காட்டும் அதிர்வெண்கள் கீழே இறங்கும். அதே சுரத்தை அப்படியே பிடித்தாலும் குரலின் நிறம் வேறாகிவிடும். 'ஹீட்வேவ்' பாட்டு தொடங்கும்போது அசல் வந்த 1963 என்றே நம்பிவிடும் காது, முதல் வரி பாடியதுமே இது காலின்ஸ் என்று கண்டுபிடித்துவிடுகிறது.